பிராம்ப்டன் வீட்டின் சாவியை வங்கியில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடலாமா?

கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் பிராம்ப்டன் நகரில் இருக்கும் வாசகர் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவர் கும்பகோணத்துக்காரர், வயது 39. மனைவியும் ஏழு வயது மகளும் உடன் இருக்கிறார்கள். 2022 பிப்ரவரியில், வீட்டு விலை உச்சியில் இருந்த நேரத்தில், 11 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு வீடு வாங்கினார்கள். சேமிப்பையும் மனைவியின் நகையையும் போட்டு முன்பணம் 2,30,000 டாலர் கட்டினார்கள். மீதி 9,20,000 வங்கிக் கடன். 30 வருடத்தில் அடையும் திட்டம், அதில் முதல் ஒப்பந்தம் ஐந்து வருடம், மாறும் வட்டி. இவருடைய சம்பளம் மட்டும் போதாது என்று வங்கி சொன்னதால், மிசிசாகாவில் இருக்கும் மனைவியின் அண்ணன் கடனில் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்.

மாதத் தவணை 3,175 டாலர். வட்டி ஏறியபோதும் தவணை மாறவில்லை என்பதால் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். இப்போது பார்த்தால் பாக்கி 9,40,000 டாலர். இடையில் 2024-ல் வேலை போய், ஒன்பது மாதம் கழித்துக் குறைந்த சம்பளத்தில் இன்னொன்று கிடைத்தது. அந்த ஒன்பது மாதத்தில் கிரெடிட் கார்டுகளிலும் லைன் ஆஃப் கிரெடிட்டிலும் (வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் வங்கிக் கடன்) 68,000 டாலர் ஏறிவிட்டது. அடுத்த பிப்ரவரியில் ரினியூவல் (கடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது), தவணை 5,000-ஐத் தாண்டும். அதே தெருவில் அதே அளவு வீடு போன மாதம் 8,70,000-க்குப் போயிருக்கிறது. இதுவரை வீட்டுத் தவணை ஒன்றுகூடத் தவறவில்லை.

அவருடைய கேள்விகள்: சாவியை வங்கியில் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்துவிடுமா? ஊருக்குப் போய்விட்டால் கடன் துரத்துமா? பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) ரத்தாகுமா, சிறை உண்டா? வீட்டை மனைவி பெயருக்கு மாற்றலாமா? தெரிந்த புரோக்கர் ஒருவர், மச்சான் வீட்டின் மேல் இரண்டாவது அடமானம் வைத்துப் பணம் புரட்டித் தருகிறேன் என்கிறார், சரியா? அப்பா கும்பகோணத்து வீட்டை விற்றுத் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? கடைசி வரி: "மச்சானுக்கு இன்னும் எதுவும் தெரியாது சார்."

அந்தக் கடைசி வரியை நான் இரண்டு தடவை படித்தேன். இந்த பதில் முழுக்க அதைச் சுற்றித்தான் போகும்.

முதலில் உங்கள் பயங்களில் இரண்டை இறக்கிவைத்துவிடுகிறேன். வீட்டுக் கடன் கட்ட முடியாமல் போவது கனடாவில் குற்றம் இல்லை. யாரும் உங்களைச் சிறையில் போட முடியாது. கடன் பாக்கிக்காகவோ திவாலுக்காகவோ பிஆர் ரத்தாகாது. குடியுரிமை விண்ணப்பத்துக்கும் அது தடை இல்லை. ஒரே ஓர் இடத்தில் உதைக்கும்: திவாலாகி, அதிலிருந்து விடுவிப்பு கிடைக்காத நிலையில் இருப்பவர் குடும்பத்தாரை ஸ்பான்சர் செய்ய முடியாது. அப்பா அம்மாவை அழைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இதை மனதில் வையுங்கள்.

அப்புறம், "ஏமாந்துவிட்டேன்" என்று கடிதத்தில் நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கனடா மத்திய வங்கியின் வட்டி விகிதம் 2022 மார்ச்வரை 0.25 விழுக்காடு. 2023 ஜூலையில் அது 5. பதினாறு மாதத்தில் இவ்வளவு ஏற்றம். உங்கள் தவணையோ 1.5 விழுக்காடு வட்டிக்குப் போட்ட கணக்கு. வட்டி 6.25-ஐத் தொட்டபோது வட்டி மட்டுமே மாதம் 4,800 டாலர் போல வந்திருக்கும். நீங்கள் கட்டியது 3,175. மிச்சம் 1,600-ஐ வங்கி அசலில் ஏற்றிக்கொண்டே வந்தது. கடன் குறையாமல் வளர்ந்த கதை இதுதான். 2025 அக்டோபருக்குள் மத்திய வங்கி 2.25-க்கு இறங்கிவிட்டது, ஆனால் ஏறிய அசல் ஏறியதுதான். தவணை மாறாததால் உங்களுக்கு எச்சரிக்கை மணி அடிக்கவே இல்லை. என்னிடம் வந்த பலருக்கும் இதேதான் நடந்தது.

சாவியைக் கொடுத்தால் என்ன ஆகும்

இந்த நம்பிக்கையை முதலில் உடைக்க வேண்டியிருக்கிறது. 2008-ல் அமெரிக்காவில் சிலர் சாவியை உறையில் போட்டு வங்கிக்கு அனுப்பிவிட்டுப் போன கதைகளைக் கேட்டிருப்பீர்கள். அங்கே சில மாநிலங்களின் சட்டம் வேறு. ஒன்டாரியோவில் வீட்டுக் கடன் என்பது வீட்டின் மேலும் உங்கள் மேலும் சேர்ந்தே இருக்கும் கடன். வீட்டை விற்று வந்தது போதவில்லை என்றால் மீதிக்கு வங்கி உங்கள் மேல் வழக்குப் போடலாம். அந்த வழக்குக்குக் கால வரம்பு பத்து வருடம். கூடக் கையெழுத்துப் போட்டவர் மேலும் அதே வழக்குப் போடலாம், இருவரில் யாரிடம் பணம் இருக்கிறதோ அவரிடமே முழுவதையும் கேட்கலாம்.

இங்கே வங்கிகள் பெரும்பாலும் போகும் வழி பவர் ஆஃப் சேல், அதாவது வீட்டை வங்கியே விற்றுக் கடனை எடுத்துக்கொள்வது. தவணை தவறிப் பதினைந்து நாள் ஆனதும் வங்கி விற்பனை நோட்டீஸ் கொடுக்க முடியும். வழக்கமான அடமானப் பத்திரத்தில் நோட்டீஸ் கொடுத்த பிறகு 35 நாள் அவகாசம். அந்த 35 நாளுக்குள் தவறிய தவணையையும் வங்கியின் செலவையும் கட்டிவிட்டால் கடன் பழையபடி ஓடும், முழுக் கடனையும் திருப்பத் தேவையில்லை. பலருக்கு இந்த உரிமை தெரியாமலே நாள் போய்விடுகிறது. கட்டாவிட்டால், வீட்டைக் காலி செய்யவைக்க வங்கி நீதிமன்றத்தில் வழக்குப் போடும். வழக்கு கைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து பதில் போட 20 நாள். போடாமல் விட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு, அதன் பிறகு நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் ஷெரிஃப் வந்து பூட்டை மாற்றுவார்.

வங்கியின் வழக்கறிஞர் கட்டணம், காலி வீட்டைப் பராமரிக்கும் செலவு, விற்கும்வரை ஓடும் வட்டி எல்லாம் உங்கள் கணக்கில் ஏறும். வங்கி நியாயமான விலைக்கு விற்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஆள் இல்லாத வீட்டை, திரைச்சீலைகூட இல்லாத ஜன்னலோடு பார்க்க வருகிறவர் குறைத்துத்தான் கேட்பார்.

உங்கள் கணக்கை நீங்களே விற்றால் எப்படி என்று பார்ப்போம். 8,70,000-க்கு விற்கிறீர்கள். ஏஜென்ட் கமிஷன் 5 விழுக்காடு, அதன் மேல் 13 விழுக்காடு வரி, வழக்கறிஞர் செலவு எல்லாம் போக கையில் நிற்பது சுமார் 8,19,000. கடன் 9,40,000. துண்டு விழுவது 1,21,000 டாலர். ஒப்பந்தம் முடியும் பிப்ரவரிக்கு முன்பே விற்றால், மாறும் வட்டிக் கடனுக்கு வழக்கமாக மூன்று மாத வட்டி அபராதமும் சேரும். வங்கி விற்றால் இந்தத் துண்டு இன்னும் பல பத்தாயிரம் பெரிதாகும். நீங்களே விற்பதிலும் ஒரு முடிச்சு உண்டு: பாக்கி முழுவதும் வந்து சேராமல் வங்கி அடமானத்தை விடுவிக்காது. அந்த 1,21,000-ஐ நீங்கள் கொண்டுவர வேண்டும், அல்லது அதைத் தனிக் கடனாக மாற்றித் தர வங்கி ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கும் மச்சான் கையெழுத்தைக் கேட்பார்கள்.

மச்சானின் கையெழுத்து

நீங்கள் கும்பகோணம் போய்விட்டால் கடன் துரத்துமா என்று கேட்டீர்கள். நேர்மையாகச் சொல்கிறேன். கனடா நீதிமன்றத் தீர்ப்பை நேரடியாகக் கொண்டுபோய் இந்திய நீதிமன்றத்தில் நிறைவேற்றிவிட முடியாது. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவில் அறிவிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர், பிரிட்டன், ஐக்கிய அரபு அமீரகம் போன்றவை உண்டு, கனடா இல்லை. அங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும். அதற்காக வங்கி உங்கள் ஊர்வரை வருமா என்பது சந்தேகம்தான்.

ஆனால் வங்கிக்கு அவ்வளவு தூரம் வர வேண்டிய அவசியமே இல்லையே. மிசிசாகாவில் சொந்த வீட்டோடு, நிலையான வேலையோடு ஒருவர் இருக்கிறார். நீங்கள் விமானம் ஏறிய நாளில் உங்கள் கடன் முழுவதும் அவருடையதாகிவிடும். அவர் வீட்டின் மேல் ரிட் (நீதிமன்ற ஆணை) பதிவார்கள், சம்பளத்தில் பிடிக்க உத்தரவு வாங்குவார்கள். இது தவிர பிஆரைத் தக்கவைக்க ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. கடனுக்காகப் போகாத பிஆர், ஊரில் தங்கிவிட்டதற்காகப் போய்விடும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அண்ணனும் தங்கையும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். தங்கை வீட்டுக் கடனுக்கு அண்ணன் கையெழுத்து. நான்கு மாதத் தவணை தவறியிருந்தது. அவருக்கு விஷயம் தெரிந்ததே தன் வீட்டுக் கதவில் வந்த பதிவுத் தபால் மூலம்தான். அந்த உறையை மேஜையில் என் பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு மணி நேரமும் தங்கை முகத்தைப் பார்க்காமல் என்னிடமே பேசினார். கடைசியில் எழுந்து போகும்போது, "பணத்தை விடுங்க, முதல் மாசமே சொல்லியிருந்தா நான் கட்டியிருப்பேன்" என்றார். நான்கு மாதத்துக்கு முன் அந்த வீட்டைக் காப்பாற்ற வழி இருந்தது. அன்றைக்கு இல்லை.

இதில் உங்களுக்கு அவமானம் இருக்கிறது, தெரியும். மனைவியின் பிறந்த வீட்டில் தலை குனிய வேண்டிவருமே என்ற கூச்சம் நம் வீடுகளில் லேசானது கிடையாது. ஆனால் அவர் கடனில் பங்காளி. கடன் ஒப்பந்தத்தை மாற்றும்போது அவர் கையெழுத்தையும் வங்கி கேட்கும், நோட்டீஸ் வந்தால் அவருக்கும் வரும். நீங்கள் சொல்லாவிட்டால் தபால்காரர் சொல்வார்.

புரோக்கர் சொல்லும் வழிக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். உங்கள் வீட்டில் மீதி மதிப்பு எதுவும் இல்லாததால்தான் அவர் கண் மச்சான் வீட்டுக்குப் போகிறது. தனியார் அடமானத்தில் வட்டி இரட்டை இலக்கத்தில் இருக்கும், தொடக்கத்திலேயே கட்டணம் என்று ஒரு துண்டை வெட்டிக்கொள்வார்கள், ஒரு வருடத்தில் முழுவதையும் திருப்பக் கேட்பார்கள். ஒரு வீட்டின் பிரச்சினை இரண்டு வீட்டின் பிரச்சினையாகும். வீட்டை மனைவி பெயருக்கு மாற்றுவதும் வேண்டாம். வங்கி சம்மதம் இல்லாமல் அதைச் செய்தால் அதுவே ஒப்பந்த மீறல். பின்னால் திவால் என்று போனால், உறவினருக்குக் குறைந்த மதிப்பில் கொடுத்த சொத்தை ஐந்து வருடம் பின்னோக்கிப் போய்க் கேள்வி கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு.

உங்கள் மாதக் கணக்கு சொல்வது

நீங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த வரவு செலவைக் கூட்டிப் பார்த்தேன். இருவர் சம்பளமும் கைக்கு வருவது 7,900. வீட்டுத் தவணை 3,175, கார் கடனும் காப்பீடும் 1,050, மளிகை 1,100, சொத்து வரி, மின்சாரம், எரிவாயு, மகளின் செலவு, ஊருக்கு அனுப்பும் 300, கார்டுகளின் குறைந்தபட்சத் தவணை 1,700 எல்லாம் சேர்த்து 8,945. ஆக, இன்றைக்கே மாதம் 1,045 டாலர் துண்டு விழுகிறது. அதையும் கார்டில்தான் போடுகிறீர்கள்.

இனி ரினியூவல். வட்டி 4.2 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மீதி 25 வருடத்தில் 9,40,000-ஐ அடைப்பதென்றால் தவணை சுமார் 5,050. அதையே 30 வருடமாக நீட்டினால் 4,600. 450 டாலர்தான் குறைகிறது, பள்ளம் முழுதாக மூடவில்லை. கழுத்தை இறுக்கும் கயிற்றில் இன்னொரு சுற்று கார்டுகள். வீட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டு, மாதம் 1,700 போகும் அந்த ஓட்டையை நீங்கள் கவனிக்கவில்லை.

கார்டுக் கடனுக்குக் கன்ஸ்யூமர் புரோபோசல் என்று ஒரு சட்ட வழி இருக்கிறது. திவால் சட்டத்தின் கீழ், உரிமம் பெற்ற இன்சால்வன்சி ட்ரஸ்டி (கடன் தீர்வைச் சட்டப்படி நடத்தித் தருகிறவர்) மூலமாக, "இவ்வளவுதான் என்னால் முடியும்" என்று கடன் கொடுத்தவர்களிடம் ஒரு தொகையை முன்வைப்பது. குடியிருக்கும் வீட்டின் அடமானம் தவிர்த்து 2,50,000 டாலர்வரை கடன் உள்ள தனிநபருக்கு இது கிடைக்கும். அதிகபட்சம் ஐந்து வருடத்தில் வட்டியில்லாமல் கட்டலாம். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: 68,000-க்குப் பதிலாக 24,000 என்று ஒப்புக்கொண்டால் மாதம் 400 டாலர். இது திவால் ஆகாது, ஸ்பான்சர்ஷிப்புக்குத் தடையும் ஆகாது. கார்டுகள் உங்கள் பெயரில் மட்டும் இருப்பதால் மச்சானைத் தொடாது. கிரெடிட் அறிக்கையில் அடி விழும், முடித்த பிறகும் மூன்று வருடம்வரை தெரியும். மூன்று தவணை சேர்ந்து தவறினால் ஏற்பாடே ரத்தாகிவிடும், ஆகவே முடியாத தொகைக்குத் தலையாட்டாதீர்கள். கார்டும் சம்பளக் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால், புரோபோசல் போடுவதற்கு முன் சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்றிவிடுங்கள். கணக்கில் இருப்பதைக் கடனுக்கு எடுத்துக்கொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு.

இப்போது மறுபடி கூட்டுங்கள். தவணை 4,600, கார்டுகளுக்கு 400. ரினியூவலுக்குப் பிறகும் மாதத் துண்டு சுமார் 1,170-ல் நிற்கிறது. வீட்டின் பேஸ்மென்ட் (நிலத்தடித் தளம்) 1,500-க்கு வாடகைக்குப் போனால் கையில் 330 நிற்கும். இறுக்கமான வாழ்க்கைதான், ஆனால் ஓடும்.

பேஸ்மென்டைப் பற்றி ஒன்று. தனி வாசல் இருக்கிறது, ஆனால் நகராட்சியில் பதிவு செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிராம்ப்டனில் இரண்டாவது குடியிருப்பைப் பதிவு செய்தாக வேண்டும். பதியாமல் ஆள் வைத்து, நெருப்பு ஏதும் பிடித்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும், உயிருக்கும் ஆபத்து. ஜன்னல் அளவு, புகை எச்சரிக்கைக் கருவி, வாகன நிறுத்தம் என்று செலவு வரும், முதலில் மதிப்பீடு கேளுங்கள். அதுவரை, மாடியில் ஓர் அறையைச் சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும்படி ஒருவருக்குக் கொடுப்பது ஒரு வழி. உரிமையாளரோடு சமையலறையோ குளியலறையோ பகிர்கிறவருக்கு வாடகைதாரர் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு இல்லாததால், நாளை வீட்டை விற்க நேர்ந்தால் சிக்கல் குறைவு. சின்னப் பெண் இருக்கும் வீடு. இதை உங்கள் மனைவி மனதாரச் சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள்.

வங்கியிடம் எப்போது, எப்படிப் பேசுவது

இப்போதே. தவணை தவறுவதற்கு முன். உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து அந்தத் தவறாத கணக்குதான். ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு, இருக்கும் வங்கி வழக்கமாக மறுபடி வருமானச் சோதனை வைக்காமலே ரினியூ செய்துவிடும். வீட்டு மதிப்பு கடனைவிடக் கீழே இருப்பதால் வேறு வங்கிக்குப் போக உங்களுக்கு வழி இல்லை, ஆகவே இந்த ஒரு வங்கியின் கதவு திறந்திருக்க வேண்டும். இரண்டு தவணை தவறினால் அந்தக் கதவும் சாத்திக்கொள்ளலாம்.

ரினியூவல் அறிக்கை ஒப்பந்தம் முடிய 21 நாளுக்கு முன் வந்தால்கூடச் சட்டப்படி போதும். அதுவரை காத்திருக்காதீர்கள். சிரமத்தில் இருக்கும் வீட்டுக் கடன்காரர்களை வங்கிகள் எப்படி நடத்த வேண்டும் என்று கனடாவின் நிதி நுகர்வோர் முகமை 2023 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே வருடக் கடைசியில் மத்திய அரசு மார்ட்கேஜ் சாசனம் என்று ஒன்றை அறிவித்தது. கடன் காலத்தைத் தற்காலிகமாக நீட்டுவது, அதற்கான கட்டணத்தை விலக்குவது, ரினியூவலுக்கு நான்கு முதல் ஆறு மாதம் முன்பே தொடர்புகொண்டு பேசுவது, சிரமத்தில் குடியிருக்கும் வீட்டை விற்கிறவருக்கு முன்கூட்டி அடைக்கும் அபராதத்தை விலக்குவது எல்லாம் அதில் இருக்கின்றன. கேட்டதையெல்லாம் வங்கி கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் இதைப் பெயர் சொல்லிக் கேட்கிறவருக்கும், "ஏதாவது பாத்துப் பண்ணுங்க" என்கிறவருக்கும் கிடைக்கும் பதில் வேறு.

தொலைபேசியில் முதலில் எடுப்பவரிடம் கதை முழுதும் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். நிதிச் சிரமத்தில் இருக்கும் மார்ட்கேஜ் வாடிக்கையாளர்களைப் பார்க்கும் பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். பேசியவர் பெயர், தேதி, சொன்னது மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பேசி முடித்ததும் அதையே மின்னஞ்சலில் அனுப்பி உறுதி கேளுங்கள். மாத வரவு செலவை ஒரே பக்கத்தில் தயாராக வைத்திருங்கள். வங்கி இழுத்தடித்தால் அதன் உள்புகார் வழி இருக்கிறது. 56 நாளில் தீர்வு வராவிட்டால் வங்கிச் சேவைகளுக்கான ஒம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பு அமைப்பு) போகலாம், கட்டணம் கிடையாது.

அப்பாவின் வீடு

அப்பா ஓய்வூதியப் பணத்தில் கட்டிய வீடு, விலை 80 லட்சம் போகும் என்கிறீர்கள். அது ஏறக்குறைய உங்கள் துண்டுத் தொகைக்குச் சமமாக வருவதால்தான் இந்த எண்ணம் விடாமல் வருகிறது. சட்டப்படி அனுப்ப முடியும். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர்வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் பகுதிக்கு 20 விழுக்காடு டிசிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள், அப்பா வருமான வரிக் கணக்குக் காட்டித் திரும்பப் பெற வேண்டும். வீட்டு விற்பனை லாபத்துக்கு வரி தனி.

சட்டம் அனுமதிப்பதாலேயே அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது அந்தப் பணம் வந்தால், மதிப்பு இறங்கிய ஒரு வீட்டின் பள்ளத்தில் அது நிரவப்படும். எழுபது வயதில் அவர்கள் வாடகை வீடு தேட வேண்டும். உங்கள் மாதத் துண்டு அப்போதும் அப்படியே இருக்கும். அந்த வீடு அப்பா சொந்தமாகச் சம்பாதித்தது, அவர் உயிரோடு இருக்கும்வரை அதில் உங்களுக்குப் பங்கு இல்லை, ஆகவே உங்கள் கடன்காரர் யாரும் அதைத் தொட முடியாது. பாட்டன் வழி நிலத்தில் உங்களுக்குப் பங்கு ஏதும் இருந்தால் அது வேறு. புரோபோசலிலும் திவாலிலும் உலகத்தில் எங்கே சொத்து இருந்தாலும் காட்ட வேண்டும், மறைத்தால்தான் குற்றம். திவாலில் இன்னொன்றும் உண்டு: விடுவிப்புக்கு முன் உங்களுக்கு வந்துசேரும் பரம்பரைச் சொத்தும் ட்ரஸ்டி கைக்குப் போய்விடும். திவாலைக் கடைசி வழியாக வைக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

என்ன செய்யச் சொல்கிறேன் என்றால்

ஒரு வருடம் வீட்டைப் பிடித்துப் பாருங்கள்: 30 வருட நீட்டிப்பு, கார்டுகளுக்குப் புரோபோசல், பதிவு செய்த பேஸ்மென்ட். மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு நிற்கும். வங்கி நீட்டிக்க மறுத்தாலோ, பேஸ்மென்ட் செலவு கட்டுப்படியாகாவிட்டாலோ, வேலை மறுபடி ஆடினாலோ, ஒரு தவணையும் தவறுவதற்கு முன் நீங்களே வீட்டை விற்பனைக்குப் போடுங்கள். அப்போது விழும் துண்டை எப்படிக் கட்டுவது என்பதை மச்சானோடு உட்கார்ந்து எழுத்தில் முடிவுசெய்ய வேண்டும். உங்கள் பங்கு கடனைப் புரோபோசலில் குறைத்துக்கொண்டாலும் அவர் பங்கு குறையாது, வங்கி முழுவதையும் அவரிடம் கேட்கும். இதை மறைத்து எந்த ஏற்பாடும் செய்யாதீர்கள். அவர் தனக்கென்று வேறொரு வழக்கறிஞரைப் பார்க்கட்டும், நான் உட்பட யாரும் உங்கள் இருவருக்கும் சேர்ந்து ஆலோசனை சொல்வது முறையில்லை. ஆர்ஆர்எஸ்பியில் (ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) பணம் இருந்தால் ட்ரஸ்டியைப் பார்க்கும்வரை தொடாதீர்கள். கடைசி 12 மாதத்தில் போட்டது தவிர மற்றதற்குத் திவாலில்கூடப் பாதுகாப்பு உண்டு, அவசரப்பட்டு எடுத்தால் வரியும் போகும், பாதுகாப்பும் போகும்.

இரண்டு ட்ரஸ்டிகளையாவது பாருங்கள். முதல் சந்திப்புக்கு வழக்கமாகக் கட்டணம் கேட்பதில்லை. கடனைத் தீர்த்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஆலோசகரிடம் போகாதீர்கள், புரோபோசலைப் பதிவுசெய்யும் உரிமை ட்ரஸ்டிக்கு மட்டுமே உண்டு.

திங்கள்கிழமை வங்கியை அழையுங்கள். அதற்கு முன் சனிக்கிழமை நீங்களும் மனைவியும் மிசிசாகா போய்விட்டு வாருங்கள். வங்கி அறிக்கை, மாதக் கணக்கு எழுதிய அந்த ஒரு பக்கம் இரண்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மச்சான் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மாசம் பாக்கி?" என்பதாகத்தான் இருக்கும். இந்தச் சனிக்கிழமை போனால், ஒன்றும் இல்லை என்று உங்களால் சொல்ல முடியும்.